அப்பத்தாவின் விரல்களும் தாத்தாவின் எழுத்துகளும்

பேசிய சொல் காற்றோடு போகும், எழுதிய சொல் நிலைத்து நிற்கும் என்று நாம் நம்புகிறோம். ஆனால் எழுதி வைத்ததும் காணாமற் போவதுண்டு. கரையான் அரிக்காமல், தீயில் வேகாமல், வெள்ளத்தில் நனையாமல், பெட்டிக்குள் பத்திரமாக இருந்தபடியே காணாமற் போவதுண்டு! இவ்வுண்மையை நான் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. கணினியின் முன் அமர்ந்து கற்றுக்கொண்டேன்.

கணினி என்றதும் நம்மில் பலருக்கு விளையாட்டும் வேடிக்கையுமே நினைவுக்கு வரும். பெற்றோர்களுக்கோ பிள்ளைகளின் கண்ணும் படிப்பும் கெட்டுவிடுமே என்ற கவலைதான் முதலில் வரும். எனக்கு அது ஆறாம் வகுப்பு முதலே பொழுதுபோக்கு. சிலர் பூத்தையல் போடுவார்கள், சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். நான் ஓடாத கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டுவேன், பேசாத வானொலியைத் திறந்து பார்ப்பேன், தெருவிலுள்ள அத்தைமார்களின் கைபேசிகளில் தமிழில் எழுதும் வசதியைச் சேர்த்துக் கொடுப்பேன். "பொம்பளப் பிள்ள கையில எப்பப் பார்த்தாலும் திருப்புளி!" என்று அம்மா அலுத்துக்கொள்வார். அந்தத் திருப்புளிக்கும் ஒரு நாள் உருப்படியான வேலை வந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்டிக்குள் ஒன்பது தகடுகள்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பரண்மேலிருந்து பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்று இறங்கியது. அதனுள் சதுரமான பிளாஸ்டிக் தகடுகள் ஒன்பது இருந்தன. அவற்றுக்கு ஃபிளாப்பி என்று பெயர். உள்ளே காந்தப் பூச்சுள்ள மெல்லிய வட்டத் தாள் ஒன்று சுழலும். அதில்தான் எழுத்துகள் பதிவாகும். ஒரு தகட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட். இக்காலக் கைபேசியில் எடுக்கும் நல்ல நிழற்படம் ஒன்றுகூடப் பெரும்பாலும் அதில் அடங்காது. ஆனால் எழுத்து மட்டுமே என்றால் ஒரு முழுப் புத்தகத்தையே அதற்குள் வைத்துவிடலாம்.

ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய தாளில் தாத்தாவின் அழகிய கையெழுத்து: 'நினைவுகள் 1', 'நினைவுகள் 2' என ஒன்பது வரை. பக்கத்திலேயே பொருளும் எழுதியிருந்தார். 'பாம்பன்', 'புயல்', 'பள்ளிக்கூடம்' என்று வரிசையாகப் போயிற்று. ஏழாவதில் 'திருமணம்' என்றிருந்தது.

என் தாத்தா பாம்பனில் பிறந்து வளர்ந்தவர், தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 2000-ஆம் ஆண்டில் அப்பா வீட்டுக்குக் கணினி வாங்கியபோது, எல்லாரையும்விட அதிகம் மகிழ்ந்தவர் தாத்தாதானாம். பள்ளியிலிருந்து வந்து தேநீர் குடித்ததும் அதன்முன் உட்கார்ந்துவிடுவாராம். எனக்கு மூன்று வயது நடக்கும்போது அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் முகம் எனக்குப் படத்தில்தான் தெரியும். குரல் தெரியவே தெரியாது.

பெட்டியைக் கண்டதும் அப்பத்தா கையை நீட்டினார். தகடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அப்பத்தாவுக்குக் கண் நீர் அழுத்த நோய். அந்நோயில் முதலில் ஓரப் பார்வை போகும். பிறகு மெல்ல மெல்லக் குறுகி வரும். போன பார்வை மருந்தால் திரும்புவதில்லை. இருப்பதைத்தான் காக்க முடியும். இப்போது அப்பத்தாவுக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும், எழுத்து தெரியாது.

"அவுக ராத்திரியெல்லாம் உக்காந்து அடிச்சாக, பாப்பா. முடிச்சிட்டுப் படிச்சுக் காட்டுறேன்னு சொன்னாக. முடிக்கவும் இல்ல, காட்டவும் இல்ல. என்னதான் எழுதியிருக்காகன்னு ஒருக்காக் கேட்டுட்டா எனக்குப் போதும்" என்றார்.

அப்பத்தா தமக்கென்று எதையும் கேட்கும் வழக்கமில்லாதவர். அவர் கேட்டுவிட்டாரே! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

முதல் தடை, தகட்டைப் படிக்கும் கருவியே இக்காலக் கணினிகளில் இல்லாதது. சோனி நிறுவனம் 2011-ஆம் ஆண்டிலேயே இத்தகடுகளின் விற்பனையை நிறுத்திவிட்டது. எங்கள் ஊரில் கணினி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர், தம் கடையின் அடித்தட்டிலிருந்து கம்பியில் இணைக்கும் பழைய கருவி ஒன்றைத் தேடி எடுத்து இரவலாகத் தந்தார். தகட்டைச் செருகியதும் அது 'கர்ர், கர்ர்' என்று கிழவர் இருமுவதுபோல் ஓசையிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையாகக் கோப்புகள் வெளிவந்தன. ஏழாவது தகடு மட்டும் வாய் திறக்கவில்லை. ஈரக்காற்றில் அதன் காந்தப் பூச்சின்மேல் வெண்ணிறப் பூஞ்சை படர்ந்திருந்தது. அந்த அண்ணனும் தமக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்துவிட்டு, "இது போயிருச்சும்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

எட்டாவது கிடைத்ததே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு கோப்பைத் திறந்தேன். அங்கே தமிழ் இல்லை! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கலந்து, கோழி கிளறிய முற்றம்போல் கிடந்தன. பக்கம் பக்கமாக அப்படியே. இடையிடையே எண்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. '1964' என்ற எண் ஒரே பக்கத்தில் ஐந்து இடங்களில் வந்தது. சுற்றிலும் பொருளற்ற குறிகள், நடுவில் 1964. அதைப் பார்க்கையில், பூட்டிய கதவுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது.

விரல்கள் மறக்கவில்லை

கோப்புகள் எட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுபோல் இருந்தது. கே, எச், ஜே, எச் என்று நான்கு எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு பெரிய எழுத்தில் ஜே, சிறிய எழுத்தில் ஐ, இசட். நான் அதை வாய்விட்டு, "கே, எச், ஜே, எச்..." என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் அமர்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்த அப்பத்தா, "இன்னொரு தடவ சொல்லு" என்றார். நான் மெதுவாகச் சொன்னேன். அப்பத்தா செபமாலையை மடியில் வைத்துவிட்டு, வலக்கை விரல்களைத் தொடைமேல் ஊன்றினார். நடுவிரல் ஒரு தட்டு. சுட்டுவிரல் உள்பக்கமாக நீண்டு ஒரு தட்டு. மீண்டும் தன்னிடத்துக்கு வந்து ஒரு தட்டு. மறுபடி உள்பக்கம் ஒரு தட்டு.

"ம, கால், த, கால்... மாதா! மாதா துணைன்னு போட்டிருக்காக. அவுக கடுதாசி எழுதுனாலும் சரி, மளிகைச் சிட்டை எழுதுனாலும் சரி, மேல மாதா துணைன்னு போடாமத் தொடங்க மாட்டாக!"

நான் வாயடைத்துப் போனேன். நடந்தது இதுதான். அப்பத்தா மணமாவதற்குமுன் ஒரு தட்டச்சுப் பள்ளியில் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் ஹையர் தேறி, அங்கேயே கற்பித்தும் வந்தவர். 1975-ஆம் ஆண்டில் அங்கே தமிழ்த் தட்டச்சு கற்க வந்த இளம் ஆசிரியர்தான் தாத்தா! இடக்கைக்கு 'ய ள ன க ப' என்று அவருக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்தவரே அப்பத்தாதான். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கணினிக்கு வந்தபோதும், பழகிய விரலிடங்களை விட்டுவிடத் தாத்தாவுக்கு மனமில்லை. ஆகவே தட்டச்சுப் பொறியின் விசையமைப்பை ஒட்டிச் செய்த ஓர் எழுத்துருவையே அவர் தேர்ந்திருக்கிறார். பூட்டைப் போட்டவர் தாத்தா. சாவியோ இத்தனை ஆண்டுகளாக அப்பத்தாவின் விரல்நுனியில் இருந்திருக்கிறது.

நடுவரிசை எழுத்துகள் முழுவதையும் அப்பத்தா ஒரே மூச்சில் சொன்னார். மேல்வரிசையிலும் கீழ்வரிசையிலும் சில எழுத்துகள் இடம் மாறியிருந்தன. ஆயினும் இவ்வளவு துப்புக் கிடைத்தபின் அது எந்த எழுத்துரு என்று கண்டுபிடிப்பது அரிதாக இல்லை. 'பாமினி' வகையைச் சேர்ந்தது அது. ஒரு காலத்தில் தமிழகத்திலும் இலங்கையிலும் பலரும் பயன்படுத்தியதுதான். அதைக் கணினியில் நிறுவினேன். ஒரே நொடியில் அந்தக் கோழி கிளறிய முற்றம் நல்ல தமிழ்ப் பக்கமாக மாறியது. "மாதா துணை" என்ற தலைப்பு வரி திரையில் மின்னியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இத்துடன் வேலை முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தோம். அப்பத்தா பகலில் தனியாக இருக்கும்போதும் கேட்கலாமே என்று, கைபேசியிலுள்ள வாசித்துக் காட்டும் வசதியிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். அது என்ன வாசித்தது தெரியுமா? "கே, எச், ஜே, எச்" என்றது!

உடை வேறு, உள்ளம் வேறு

இங்கேதான் தோழியர் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். கணினிக்கு எந்த எழுத்தும் தெரியாது. எண் ஒன்றுதான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணைத்தான் அது சேமிக்கிறது. பழைய முறையில் ஒரு தொகுதிக்கு மொத்தம் 256 இடங்கள்தான் இருந்தன. அவற்றில் ஆங்கில எழுத்துகள் ஏற்கெனவே குடியேறிவிட்டன. ஆகவே அந்நாளில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். கணினியின் உள்ளே ஆங்கில எழுத்தின் எண்ணே இருக்கும். திரையில் காட்டும்போது மட்டும் அந்த எண்ணுக்குரிய படமாகத் தமிழ் எழுத்தை வரைந்து காட்டுவார்கள். தமிழ் உடை உடுத்திய ஆங்கிலம்! எழுத்துரு இருக்கும்வரை தமிழ்போலத் தெரியும். அது இல்லாத கணினிக்குப் போனால் உடை கழன்று உள்ளிருப்பது வெளிப்பட்டுவிடும். அந்நாளில் வேறு வழியும் இல்லை. அந்தத் தந்திரம் இல்லையென்றால் தாத்தா ஒரு வரிகூடத் தமிழில் எழுதியிருக்க முடியாது.

தாத்தாவின் கோப்பில் 'மாதா' என்பது 107, 104, 106, 104 என்று இருந்தது. அவை ஆங்கிலக் கே, எச், ஜே, எச் என்னும் எழுத்துகளின் எண்கள். இன்று உலகமெங்கும் வழங்குவது ஒருங்குறி. அதன் முதற்பதிப்பு 1991-ஆம் ஆண்டு வெளியானது. தமிழுக்கும் அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒருங்குறியில் 'மாதா' என்பது 2990, 3006, 2980, 3006. இந்த எண்கள் தமிழ் எழுத்துகளுக்கு மட்டுமே உரியவை. மதுரையில் திறந்தாலும் மலேசியாவில் திறந்தாலும் 2990 என்றால் 'ம'தான். கைபேசியும் தயங்காமல் 'ம' என்றே வாசிக்கும்.

தமிழ்போலத் தெரிவது வேறு. தமிழாகவே இருப்பது வேறு. தாத்தாவின் எழுத்தைத் தமிழாகவே ஆக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இதற்கென ஆயத்தமான மாற்றிகள் இணையத்தில் உண்டு. ஆனால் குடும்பத்தின் சொந்தச் செய்திகளை முன்பின் அறியாத இடத்தில் ஒப்படைக்க அப்பாவுக்கு மனமில்லை. எங்கள் கணினி ஆசிரியையான அருட்சகோதரியிடம் சொன்னேன். "நீயே ஒரு நிரல் எழுதலாமே!" என்று ஊக்கமூட்டி, மாலை வேளைகளில் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்தார். பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதினேன். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட மொழி அது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

ஓர் எண்ணை எடுத்துவிட்டு மற்றோர் எண்ணை வைப்பது எளிய வேலைதான் என்று தோன்றும். 'துணை' என்ற சிறு சொல்லைப் பாருங்கள். தாத்தாவின் கோப்பில் 'து' என்பது ஒரே எண்: 74. ஒருங்குறியில் அது இரண்டு: த, அதன்பின் உகரக் குறி. அடுத்தது 'ணை'. தட்டச்சுப் பொறியில் கை எப்படி ஓடுமோ அப்படியே, பழைய முறையில் முதலில் ஐகாரக் குறியும் பின்னால் 'ண'வும் வரும். ஒருங்குறியிலோ நாம் உச்சரிக்கும் வரிசை: முதலில் 'ண' என்னும் மெய், பின்னால் ஐகாரம். 'கொ' என்பதில் இன்னும் வேடிக்கை. பழைய முறையில் கொம்பு, க, கால் என மூன்று துண்டுகள். புதிய முறையில் க, அதன்பின் ஒகரக் குறி என இரண்டே. ஆகவே துண்டுகளை இடம் மாற்றி, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, பிரிக்க வேண்டியதைப் பிரிக்குமாறு நிரலுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித் தர வேண்டியிருந்தது.

எந்த நிரலாலும் தீர்க்க முடியாத ஒன்றும் இருந்தது. பழைய முறையில் 'கெள' என்று எழுதினாலும் 'கௌ' என்று எழுதினாலும் கொம்பு, க, ள என்று ஒரேமாதிரிதான் பதிவாகும். 'கெளுத்தி' என்ற மீனுக்கும் 'கௌரவம்' என்ற சொல்லுக்கும் தொடக்கம் ஒன்றே! இயந்திரத்துக்கு மீனும் தெரியாது, கௌரவமும் தெரியாது. பாம்பன்காரராகிய தாத்தாவோ பக்கத்துக்குப் பக்கம் மீன் பிடிக்கிறார்! அத்தகைய இடங்களையெல்லாம் நானே வரி வரியாகப் படித்து முடிவு செய்தேன். அந்த வேலையில்தான் தாத்தாவை முழுமையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

பெயர்த்து எழுதியோரின் வரிசை

இந்த வேலையின்போது அருட்சகோதரி ஒரு நாள் சொன்னார்: "நீ செய்வது புதிய வேலை அல்ல, நம் முன்னோர் செய்து வந்ததுதான்." அதன்பின் நூலகத்தில் தேடிப் படித்தேன். எவ்வளவு உண்மை!

1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் அதை வெளியிட்டார். இந்திய மொழியொன்றின் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. ஓலையிலிருந்து தமிழ் எழுத்து ஈய அச்சுக்கு இடம்பெயர்ந்த நாள் அது. பின்னர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747), எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் மயங்காதபடி வடிவத்தைத் திருத்தினார் என்று படிக்கிறோம். எழுத்து மயங்கினால் பொருள் மயங்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். உ.வே. சாமிநாதையர் (1855–1942) செல்லரித்த ஓலைகளை ஊர் ஊராகத் தேடிப் படித்து, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். 1978-ஆம் ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. 'ணை', 'னை', 'லை', 'ளை' ஆகியவை அதற்குமுன் யானைத் தும்பிக்கைபோல் மேலே வளைந்த வடிவில் எழுதப்பட்டன. அப்பத்தா இளம்பெண்ணாக இருந்தபோது 'துணை' என்ற சொல்லைத் தும்பிக்கையோடுதான் எழுதியிருக்கிறார்.

கணினிக் காலத்திலும் அந்த வரிசை அறுபடவில்லை. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றிப் பழைய நூல்களைத் தட்டச்சிட்டுக் கணினியில் ஏற்றினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி 'தமிழ்99' என்ற பொதுவான விசைப்பலகை வந்தது. அவரவர் ஓர் எழுத்துரு வைத்திருந்த நிலை மாறி, ஒருவர் எழுதியதை மற்றவரும் படிக்க வேண்டும் என்ற பொது எண்ணத்தால் நடந்த வேலைகள் இவை.

இவர்களெல்லாம் பெரியவர்கள்; பெரும்பணி செய்தவர்கள். ஆனால் ஒன்றை நான் புரிந்துகொண்டேன். ஓலை தானாக அச்சுக்கு வரவில்லை. அச்சு தானாகக் கணினிக்கு வரவில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகப் பெயர்த்து வைத்திருக்கிறார். பெட்டியில் பூட்டி வைப்பதற்குப் பெயர் காப்பதன்று. அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரும்படி ஆக்கி வைப்பதே காப்பது.

கேட்டார் அப்பத்தா

தவக்காலம் தொடங்குவதற்குமுன் எட்டுக் கோப்புகளும் ஒருங்குறிக்கு மாறிவிட்டன. ஒரு சனிக்கிழமை மாலை கைபேசியை அப்பத்தாவின் தலையணைமேல் வைத்தேன். "மாதா துணை" என்று அது தொடங்கியதும் அப்பத்தா சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

இரண்டாவது கோப்பு புயலைப் பற்றியது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை நாம் படித்திருக்கிறோம். பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் தொடர்வண்டி அலையில் மூழ்கி, அதில் இருந்தவர்கள் மாண்டார்கள். சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாள்களில் சீரமைத்தார். இவையெல்லாம் வரலாற்று நூலில் உண்டு. தாத்தா எழுதியிருந்தது வேறு. அப்போது அவருக்கு என் வயது, பதினைந்து. கூரை பறந்த வீட்டில் அவருடைய தாயார் பிள்ளைகள் ஐவரையும் வலைக்கயிற்றால் ஒருவர் இடுப்போடு ஒருவராகச் சேர்த்துக் கட்டிவிட்டு, விடியும்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். ஒவ்வொருவரும் "ஆத்தா" என்று பதில் சொல்ல வேண்டும். விடிந்ததும் அந்தத் தாயார் முதலில் கேட்டது, "அடுப்புக் கல்லு இருக்கா?" என்றுதானாம்.

வாசித்த குரல் இயந்திரக் குரல். ஏற்ற இறக்கம் இல்லை, இருமல் இல்லை, சிரிப்பு இல்லை. கேட்டு முடித்ததும் அப்பத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "குரல் அவுக குரல் இல்ல. ஆனா பேச்சு அவுக பேச்சுத்தான்" என்றார். எனக்கு எந்தப் போட்டியில் கிடைத்த பரிசும் இவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை. இப்போது பகலில் நாங்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போனபிறகு, அப்பத்தா தாமே கைபேசியைத் தொட்டு வேண்டிய பகுதியைக் கேட்டுக்கொள்கிறார். அண்டை வீட்டு ஆச்சியையும் கூட்டி வைத்துக்கொள்கிறார் என்று கேள்வி!

ஆனால் ஏழாவது தகடு? 'திருமணம்' என்று எழுதிய அந்தத் தகடு மௌனமாகவே இருந்தது. அது கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, அப்பாதான் சொன்னார். அப்பத்தா சற்று யோசித்துவிட்டு, "போனாப் போகுது. அந்தக் கதையில நானுந்தான இருந்தேன்?" என்றார்.

கணினியில் பழைய தட்டச்சுப் பொறியின் விசையமைப்பையே தேர்ந்துகொள்ளும் வசதி உண்டு. எழுதுவதென்னவோ ஒருங்குறியில் பதியும். அதை அமைத்து, விசைப்பலகையை அப்பத்தாவின் மடியில் வைத்தேன். எந்த விசைப்பலகையிலும் நடுவரிசையில் எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகள்மேல் சிறு மேடு ஒன்று இருக்கும். பார்க்காமலே விரல் இடமறிவதற்கான அடையாளம் அது. அப்பத்தாவின் சுட்டுவிரல்கள் இரண்டும் அந்த மேடுகளைத் தடவி அமர்ந்தன. "இது க. இது த" என்றார். தட்டச்சு கற்றவர்களுக்கு விசையைப் பார்க்கக் கூடாது என்பதுதானே முதல் விதி! கண் இருந்த காலத்திலேயே கண்ணின் உதவியில்லாமல் கற்ற கலை, கண் போன பிறகும் கைவிடவில்லை.

ஏழாவது அத்தியாயத்தை இப்போது அப்பத்தா எழுதிக்கொண்டிருக்கிறார். நாளுக்குப் பத்து வரி, சில நாள் இரண்டே வரி. அடித்து முடித்ததும் கைபேசியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் தாமே திருத்துகிறார். இதுவரை நான்கு பக்கம் ஆகியிருக்கிறது. தாத்தா தட்டச்சு கற்க வந்த முதல் நாள் தாளைத் தலைகீழாகச் செருகினாராம். இதைத் தாத்தா எழுதியிருப்பாரா என்பது எங்கள் வீட்டில் பெரிய விவாதம்!

ஒன்பது பகுதிகளும் நிறைவானதும் அச்சிட்டுத் தைத்து, உறவினர் வீட்டுக்கு ஒரு படியாகக் கொடுக்க அப்பா எண்ணியிருக்கிறார். கணினியில் ஒன்று, தனியாக எடுத்து வைக்கும் கருவியில் ஒன்று, வேறு ஊரில் சித்தப்பா வீட்டில் ஒன்று என மூன்று படிகள் இப்போதே உள்ளன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்ததனால்தானே ஏழாவதை இழந்தோம்!

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும். தாத்தாவின் கவிதையோ, அத்தையின் நாட்குறிப்போ, பங்குக் கோயிலின் பழைய வரலாறோ, திருமண அழைப்போ ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். இந்த விடுமுறையில் எடுத்துப் பாருங்கள். அது உண்மையான தமிழ்தானா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதைக் கைபேசியிடம் வாசிக்கக் கொடுங்கள். தமிழில் பேசினால் பிழைத்தது. ஆங்கில எழுத்துகளை உளறினால் உடனே மாற்றுங்கள். பழைய எழுத்துருக்களை அறிந்தவர்களும், பழைய கருவிகளை வைத்திருப்பவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியவரை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். பூஞ்சையும் காலமும் நமக்காகக் காத்திருப்பதில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கையில் திருப்புளியைக் கண்டால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். நிரல் எழுத எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கே, எச், ஜே, எச் என்பது மாதா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல அப்பத்தா வேண்டியிருந்தது.